துரை குனிந்து வணங்கிய காலை

நேற்று பேத்திக்குப் பள்ளி நாடகத்துக்காக முகப்பவுடர் பூசிவிட்டேன். அந்த வாசனை என்னை ஆம்பூரில் அப்பா கிளார்க்காக இருந்த, தோல் பதனிடும் டேனரிக்கும், ஆவாரம்பட்டை ஊறும் நெடியையே அமுக்கிவிட்டு அதன் பங்களாவில் பவுடர் மணக்கத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரருக்கும் இழுத்துப்போய்விட்டது. சீமையில் பெயரெடுத்த நாடக நடிகர் அவர். பாலாற்று மணலில் எடுத்த தமிழ்ப் பேசும் படமொன்றில் கலெக்டராக நடிக்க வந்திருந்தார். 'மகளே, என்னை மன்னித்துவிடு' என்பதுதான் அவருடைய ஒரே தமிழ் வசனம். தினமும் காலையில் அப்பா அதைச் சொல்லிக்கொடுப்பார். எதிரே மகளாக உட்காரும் வேலை ஏழு வயதான எனக்கு. பட்டை இடிக்கும் சத்தத்துக்கு நடுவே அவர் 'மண்ணித்து, மண்ணித்து' என்று திணறுவார், எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு காலை அவர் கையில் சீமைக் கடிதம் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தைப் பிசகில்லாமல் சொன்னார். கண்ணீர் தாடைவரை வழிந்தது. நடிப்பு வந்துவிட்டதென்று நான் கைதட்டினேன். அவர் எழுந்து, மேடையில் செய்வதுபோலக் குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார். அன்றே கப்பலேறக் கிளம்பிவிட்டார். படத்தில் வேறொருவர்தான் நடித்தார்.

"நெசமாவா அழுதாரு, அப்பா?"

"அவுரு பொண்ணு செத்துப்போச்சாம், பாப்பா."

"அப்ப நான் கைதட்னதுக்கு ஏன் கும்பிட்டாரு?"

"அதான் எனக்கும் புரில," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு எந்தக் கொட்டகையிலும் நான் முதல் ஆளாகக் கைதட்டியதில்லை.