முகமூடியா, முதுகூசியா

கத்தி பிடித்தவருக்குக் கும்பிடு, மயக்க மருந்து கொடுத்தவன்மேல் சந்தேகம்; இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் ரயிலில் வந்து, இடுப்பில் ஒடிந்த தொடையெலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துவார். முகத்தில் மூடி வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தூங்கவைப்பது என் பாடு. இல்லாவிட்டால் டாக்டரே முதுகில் ஊசி போடுவார்; இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும்.

காது மரக்கவில்லை

ஏலத்தோட்டக் கங்காணி ஒருவர் சரிவில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். நெஞ்சுச் சளி இருந்ததால் முதுகூசிதான். வலியே இல்லை. ஆனால் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றும் அவருக்குக் கேட்டது. நான் தலைமாட்டில் நின்று மலையில் மழை எப்படி என்று விசாரித்துப் பார்த்தேன். மனிதர் காது அந்தச் சத்தத்திலேயே இருந்தது. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கலைதாண்ணே. ஆனா என்னைத்தான் அடிக்கிறாங்கன்னு தெரியுதே" என்றார்.

சடையன் கேட்டது

கங்காணி இதை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த கட்டிலில் சிலமலை கிராமத்து வீரம்மா. அறுபதை நெருங்கியவர், களத்தில் விழுந்து அதே இடுப்பு. அவர் புருஷன் சடையன் முதுகூசி வேண்டவே வேண்டாம் என்று நின்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். ஈதரே கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த வாயை இன்றும் நொந்துகொள்கிறேன். சடையனுக்கு அவ்வளவு சந்தோஷம்: "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவ நல்லாத் தூங்குனதே இல்லைங்கய்யா. தூங்கட்டும்."

இரண்டு வாய்

ஈதருக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று முந்தின நாளே சடையனிடம் மூன்று தடவை சொன்னேன். காலையில் மேஜையில் படுத்திருந்த வீரம்மாவிடமும், "ஏதாவது சாப்டீகளா ஆத்தா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கத்தி படுவதற்கு முன்பே, அரைத் தூக்கத்தில், கேப்பைக் கூழாக வாந்தி வந்தது. தலையைச் சாய்த்து வழித்து எடுத்தேன். அதற்குள் நுரையீரலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். புருஷனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார். சண்டை போடத்தான் சடையனிடம் போனேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ரத்தம் போகுமேன்னு ரெண்டு வாய் ஊட்டுனேன். வெறும் வயித்தோட எப்படிங்கய்யா அனுப்புறது?"

அதற்குப் பிறகு எந்த மயக்கம் நல்லது என்று யார் கேட்டாலும், கூட வந்தவரின் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன்.