ஒரே கட்டிலுக்கு ஒரு திரை

ஆஸ்பத்திரி வேலையை நான் விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கோபம்தான். பதினாறு வருஷம் வார்டில் நின்றவளை நோயாளிகள் முன்னால் வைத்து மேட்ரன் ஒரு வார்த்தை சொன்னாள். நான் திருப்பி இரண்டு வார்த்தை சொன்னேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு என்றார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். திருவல்லிக்கேணியில் என் ஒண்டுக்குடித்தன அறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் என்று ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. பிரசவம் பார்க்க மருத்துவச்சி உண்டு, குழந்தையைத் தூக்க ஆயா உண்டு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் எங்கே சேர்த்தி என்று போகிற வீட்டுக்காரர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவர் துண்டுச் சீட்டில் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து.

அந்த வீட்டு அம்மாளுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். துணைக்கு இருந்தது அவருடைய கணவர் மட்டும்தான். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆண்பிள்ளை கிடையாது. ஒரே பெண் டெல்லியில், பச்சை உடம்புக்காரி, கைக்குழந்தையோடு ரயில் ஏற முடியாத நிலை.

நான் போய் இறங்கிய அன்றே அந்த அறையை வார்டாக மாற்றிவிட்டேன். சுவரோரம் கிடந்த கட்டிலை நடுவுக்கு இழுத்தேன். கால்மாட்டில் சார்ட் தொங்கியது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவது, மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது, எல்லாம் மணி அடித்தாற்போல நடந்தது. கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் உட்கார? அந்த மனிதர்தான். முப்பத்தைந்து வருஷம் அதே கட்டிலில் படுத்தவர் சட்டென்று எழுந்து நின்றுகொண்டார். அவர் உட்கார அறைக்கு வெளியே கதவோரமாக ஒரு ஸ்டூலைக் காட்டினேன்.

மறுநாள் உடம்பு துடைக்க மறைப்பு வேண்டும் என்று கேட்டேன். பீரோவைத் திறந்து தன்னுடைய எட்டு முழ வேஷ்டி ஒன்றை எடுத்துத் தந்தார். ஜன்னல் கம்பிக்கும் சுவரில் இருந்த ஆணிக்கும் கயிறு கட்டி, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டேன். துடைத்து முடித்த பிறகும் அவிழ்க்கவில்லை. வார்டில் திரை எப்போதும் தயாராக இருக்க வேண்டும், அது என் பழக்கம்.

பாத்திரம் தேய்க்க வரும் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் முற்றத்தில் சாம்பலைத் தொட்டபடியே கேட்டாள்: "இன்னா நர்சம்மா, படுத்துக்கினு கீறது ஒரு ஆளு. ரூலு நூறு ஆளுக்குப் போட்டு வெச்சிக்கிறே?"

நான் முறைத்தேன். சிரித்திருந்தால், யோசித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நான் போன நாலாம் நாள் சாயங்காலம், ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, பூஜை அலமாரியில் இருந்த சின்னச் செப்புச் சொம்பைக் காட்டினார். மூடியை ஈயம் வைத்து அடைத்திருந்தது. காசியிலிருந்து இரண்டு பேருமாகக் கொண்டுவந்த கங்கை ஜலம்.

"சிஸ்டர், நேரம் வந்துடுத்துன்னா உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அப்போ என்னைக் கூப்பிட்டுடணும். இது என் கையாலதான் விடணும்னு அவ காசியிலேயே கேட்டுண்டுட்டா."

கூப்பிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். மறுநாளே அவர் ஈயத்தைக் கீறித் தளர்த்தி வைத்துவிட்டார், அவசரத்தில் திறக்க வராமல் போகக் கூடாது என்று.

மூன்றாவது வாரம் ஒரு காலை, பத்து மணி தாண்டியிருக்கும். அந்த அம்மாளின் மூச்சு மாறியது. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. நூறு தடவை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

வார்டில் இதற்கு ஒரு முறை உண்டு. மூச்சு மாறினால் முதல் காரியம் திரையை இழுப்பது. இரண்டாவது, உறவுக்காரர்களை வெளியே அனுப்புவது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துப் பயப்படக் கூடாது, டாக்டர் வந்தால் நிற்க இடம் வேண்டும், அதற்காக. பதினாறு வருஷத்தில் மூளையைக் கேட்காமலே கை இதைச் செய்யப் பழகியிருந்தது. பாத்திரம் தேய்க்கிறவளை டாக்டர் வீட்டுக்கு விரட்டினேன். திரையை இழுத்தேன். சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படி வரை வந்துவிட்டவரிடம், "கொஞ்சம் வெளியில இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவர் திரும்பிப் போனார். வாழ்நாள் முழுக்கச் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் இருந்த மனிதர். நான் கூப்பிடுவேன் என்று நம்பி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உள்ளே நான் மும்முரமாக இருந்தேன். தலையைத் திருப்பி வைத்தேன், தொண்டையில் கட்டியதைத் துடைத்து எடுத்தேன். அப்போது அந்த அம்மாள் நல்லாயிருந்த இடது கையைத் தூக்கித் திரையைப் பிடித்தார். கண் திறந்துதான் இருந்தது. கெட்டியாகப் பிடித்திருந்தார். நான் நாடி பார்க்க வேண்டுமே என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை எடுத்து மெத்தையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாடி நின்றது. கண்களை மூடிவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சார்ட்டில் நேரத்தை எழுதினேன்.

எழுதிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். மடியில் சொம்போடு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நொடியில்தான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. இருந்தது ஒரே ஒரு கட்டில். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று திரையை இழுத்தேன்?

உள்ளே வந்து ஜலத்தை விட்டார். உதட்டோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. பழக்கதோஷத்தில் நான் அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "என்னைத் தேடினாளா?"

அதற்கும் என்னிடம் வார்டுப் பதில் ஒன்று தயாராக இருந்தது. எல்லா உறவுக்காரர்களிடமும் சொல்வது, கேட்டு அவர்கள் ஆறுதலாகத் தலையாட்டுவது. "இல்லைங்க, கஷ்டமே படலை. தூக்கத்துலேயே போயிட்டாங்க."

அவர் தலையாட்டவில்லை. "தேடவே இல்லையா" என்று மட்டும் சொன்னார். கேள்வியாகச் சொல்லவில்லை. சொம்பின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அவரை ஏமாற்றினேன், பிறகு பொய் சொல்லி அந்த அம்மாளையும் அவரிடமிருந்து பறித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? தேடினாள், நீங்கள் இல்லை என்றுதானே ஆகும். எது பெரிய கொடுமை என்று எடைபோட்டுப் பார்த்தே நாட்கள் போயின. கடைசியில் பதிமூன்றாம் நாள் காரியம் கழித்து, மறுநாள் போனேன்.

டெல்லியிலிருந்து அவர் பெண் இன்னும் வந்திருக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. அவர் அதே ஸ்டூலில், அறைக்கு வெளியே, நான் உட்காரச் சொன்ன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். காலியான அறைக்குள் போய் உட்காரக்கூட யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவள் பாதியிலேயே அழுதுவிட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து உள்ளே போனார். பீரோவிலிருந்து துவைத்து மடித்த அந்த வேஷ்டியை எடுத்து வந்து, கட்டில் மேல் விரித்தார்.

"எந்த இடத்துல பிடிச்சா?"

விரல்களைப் பிரித்தவள் நான். எனக்கு மறக்குமா? கரைக்கு ஒரு சாண் மேலே தொட்டுக் காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் காட்டிய இடத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் வெளியே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தவில்லை. அவர் கூப்பிடுகிறவரை அங்கேயே இருந்தேன்.