டைல்ஸ் அறைக்குள் ஒரு பாட்டு

பிள்ளைகளே, போலந்து நாட்டில் நான் தங்கியிருக்கும் அறையில் கை தட்டினால் சத்தம் திரும்பி வருவதில்லை. தரையில் கனத்த கம்பளம், சன்னலில் தடித்த திரை. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் போர்த்தி வைத்திருக்கிறார்கள். தும்மினால்கூட அந்தத் தும்மல் கம்பளத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. வந்த புதிதில் காது அடைத்துவிட்டதோ என்று பயந்தேன். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் விழுந்தால் தெருவுக்கே கேட்கும்.

காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பீங்கான் பட்டறைக்குப் போனேன். சூளையிலிருந்து இறக்கிய சாமானை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. கணீர் என்றால் நல்ல சரக்கு. சொத்தென்று கேட்டால் உள்ளே கீறல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். இங்கே கைகழுவும் தொட்டி செய்யும் தொழிற்சாலையிலும் அதே வேலைதான். முதல் வாரம் நான் தொட்டியைத் தட்டுவதைப் பார்த்த யானெக், என்னோடு வேலை செய்கிறவர், "நியெ, நியெ! ட்ரெவ்னோ!" என்று, அதாவது 'வேண்டாம், மரம்!' என்று பதறிக்கொண்டு ஒரு மரப்பலகையை நீட்டினார். நல்லது கெடாமல் இருக்க இந்த ஊரில் மரத்தைத் தட்டுவார்களாம். நான் அதிர்ஷ்டத்துக்காக, அதுவும் தப்பான பொருளைத் தட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் மனம் கோணக் கூடாதென்று பலகையையும் ஒரு தட்டு தட்டினேன். அதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போன கோடையில் லீவுக்கு ஊருக்குப் போனேன். ஒன்பதாவது முடித்திருந்த என் மகள் மலர், தானே கட்டிய பாட்டைப் பாடிப் பதிவு செய்து, பிள்ளைகளுக்கான ஓர் இணைய வானொலிக்கு இரண்டு முறை அனுப்பியிருந்தாள். இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது. "பாத்ரூமில் பாடினாயா அம்மா? இன்னும் ஒரு தடவை முயற்சி செய்" என்று எழுதியிருந்தார்கள்.

"மைக்கு சரியில்லியா? வேற வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"மைக்கு நல்லாத்தான் இருக்குதுப்பா. நான் பாடுறதயே வுட்டுடறேன். படிக்கணும்ல?" என்றாள். முகத்தைக் காட்டவில்லை.

என் மனைவி செல்விதான் உடைத்துச் சொன்னாள். "அவ எப்பிடி சொல்லுவா? நீங்க கட்டுன சொவுரு ஆச்சே. பீங்கான்காரன் வூடுன்னு காட்டுறதுக்கு, படுக்கிற ரூம்புக்கும் மேல வரைக்கும் டைல்ஸ ஒட்டி வச்சிருக்கீங்க. பல்லிகூட வழுக்கி வுழுது."

அறைக்குள் போய்க் கை தட்டினேன். ஒரு தட்டு, கணகணவென்று பத்தாகத் திரும்பி வந்தது. ஆயுசு முழுக்க நான் பாஸ் போட்ட சத்தம் அதுதான். என் மகளின் பாட்டை அதுவே கெடுத்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை.

செல்வி முட்டை அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒட்டித் தட்டிப் பார்த்தோம். சத்தம் மசியவில்லை. சூடு வெளியேறாமல் சூளைக்குப் போர்த்தும் வெள்ளைப் பீங்கான் இழைக் கம்பளி ஞாபகம் வந்தது. ஆனால் அதன் தூசு நெஞ்சைக் கெடுக்கும், நீங்கள் யாரும் அதைத் தொடாதீர்கள். கடைசியில் மரச்சட்டம் அடித்து, நாலு விரல் கனத்துக்குப் பஞ்சு திணித்துத் துணி போர்த்தினோம். மலரை மைக்கின் முன்னால் நிற்க வைத்து, ஒரு கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்தினேன். எந்த இடத்தில் அவள் கண்ணுக்குக் கண்ணாடியில் மைக் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் குரல் திரும்புகிறது. அந்த இடங்களில் சட்டங்களை மாட்டினோம். மூலைகளில் பழைய மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினோம். எனக்குத் திருப்தி வரவில்லை. நாலு சுவரையும் மூடிவிட்டேன்.

மலர் ஒரு வரி பாடினாள். கீறல் விழுந்த கோப்பை மாதிரி இருந்தது.

"என் கொரலு மாதிரியே இல்லப்பா."

"அளவுக்கு மீறிப் போத்திட்டேன்டி."

ஒரு சட்டத்தைக் கழற்றினேன், ஒரு வரி பாடினாள். இன்னொன்று, இன்னொரு வரி. மூன்றாவதைக் கழற்றியதும் அவள் முகம் மலர்ந்தது. அவளுக்கு எதிரே ஓர் ஆள் உயரத்துக்கு டைல்ஸ் வெறுமையாக நின்றது.

ஃபேனை நிறுத்தி, ஜங்ஷனில் ரயில் கூவி ஓயும்வரை வேர்க்க வேர்க்கக் காத்திருந்தோம். பாடுவதற்கு முன்னால் அவள் என்னைப் போலவே விரல் முட்டியால் அந்தச் சுவரை ஒரு தட்டு தட்டினாள். கணீர்.

நான் இங்கே திரும்பிய பிறகு போன் செய்தாள். "எடுத்துக்கிட்டாங்கப்பா! மொதல்ல ஒரு மணிச் சத்தம் வருதே, அது என்னா கருவின்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்கப்பா சொவுருன்னு சொன்னேன்."

வேலை இல்லாத நாளில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். என் சுவர் கணீர் என்கிறது. மலர் பாடத் தொடங்குகிறாள். கம்பளத்தின் மேல் கால் பதித்து உட்கார்ந்திருக்கிறேன். என் கை, நான் சொல்லாமலேயே, பக்கத்திலிருக்கும் மர மேசையை ஒரு தட்டு தட்டுகிறது.