அவள் அந்த மூடியைத் திறக்கவில்லை

என் கதையில் அந்த வேலைக்காரப் பெண் கொலை செய்யவில்லை. மற்றதைப் பிறகு சொல்கிறேன், இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். அச்சில் வந்த புத்தகத்தில் கடைசி நாலு பக்கத்தில் அவள் கையில் விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றுகிறார்கள். அந்த நாலு பக்கம் நான் எழுதியது இல்லை.

நான் மாத நாவலில் துப்பறியும் கதை எழுதுகிறவள். மகனையும் மருமகளையும் தவிர செஞ்சியில் இது யாருக்கும் தெரியாது. அஞ்சாவதோடு நின்றவள் நான். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அதனால் வேறு ஒரு பெயரில் எழுதுகிறேன். புத்தகம் வந்ததும் பஸ் ஸ்டாண்டு கடையில் "பையனுக்கு" என்று சொல்லி ஒன்று வாங்கி வருவேன்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, சிலிண்டருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு எழுத உட்காருவேன். யாராவது கதவைத் தட்டினால் நோட்டு அரிசி டப்பாவுக்குள் போய்விடும். கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் எழுதுவேன். யார் செய்தது என்று எனக்கே தெரியாமல் படிக்கிறவர்களை எப்படிச் சுற்றவிடுவது? செய்து பார்க்காமலும் எதையும் எழுத மாட்டேன். மூட்டையோடு ஒருத்தன் ராஜகிரிக் கோட்டை மலை ஏற முடியுமா என்று பார்க்க, ஒருமுறை அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு நானே ஏறினேன். "இன்னா ஆயா, மேல போய் சோறாக்கப் போறியா?" என்றார் காவலுக்கு இருந்தவர். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். என் கொலைகாரனையும் அதே படியில் உட்காரவைத்துப் பிடித்தேன்.

இந்தக் கதைக்கு மல்லாட்டை உரித்தேன். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். விதைக்கு என்றால் மிஷினில் போட மாட்டார்கள், பருப்பு உடைந்துபோகும். கையால்தான் உரிக்கவேண்டும். காலையில் உட்கார்ந்து சாயந்தரம் எழுந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனி வீங்கி, சோறு பிசையும்போது எரியும்.

கதையில் மண்டி முதலாளி ஒருவர், யாரோ மோரில் கலந்த விஷத்தால் சாகிறார். பயிருக்கு அடிக்கிற மருந்து, புது பாட்டில், அன்றைக்குச் சாயந்தரம்தான் யாரோ மூடியைத் திருகித் திறந்திருக்கிறார்கள். எல்லாரும் வேலைக்காரியைக் கைகாட்டுகிறார்கள். அவளோ விடிந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு விதை மல்லாட்டை உரித்திருக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் அம்மா அவள் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போ" என்கிறாள். செய்தது முதலாளியின் தம்பி. கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்து அதில் தன் பெயரை எழுதிக்கொண்டவன்.

இதையும் செய்துதான் பார்த்தேன். சிங்கவரத்தில் வாங்கி வந்து ஒரு நாள் முழுக்க உரித்துவிட்டு, புது நல்லெண்ணெய் பாட்டிலைத் திருகினேன். என்னால் முடியவில்லை. மருமகள் வந்துதான் திறந்தாள்.

புத்தகம் வாங்கப் போன அன்றைக்கு, அவலூர்பேட்டை பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கடைக்கார பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இதுல ஒண்ணுமில்ல பாய். வேலைக்காரிதான். வூட்டு வேலைக்கு வர்றவள வுட்டா வேற யாரு பண்ணுவா? மொதப் பக்கத்துலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

பாதி படித்துவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்து, அங்கேயே கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். ஜீப் நின்றது. அவளை விலங்கோடு அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாத நாவல் ஆசிரியருக்கு போன் போட்டேன்.

"அம்மா, மெட்ராஸ்ல மல்லாட்டை உரிச்சவங்க யாரு இருக்காங்க? படிக்கிறவங்களுக்கு டக்குனு புரியணும். அதான் சின்னதா மாத்திட்டேன். இதுக்குப் போய் டென்ஷன் ஆவாதீங்க."

"அவ பண்ணலீங்க," என்றேன்.

"கதைதானேம்மா!" என்று சிரித்தார்.

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். அந்த "சரிங்க"வுக்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம். சின்னதாம்! ஒருத்தியைக் கொலைகாரி ஆக்குவது சின்னதாம்!

அஞ்சாவது முடிந்ததும் நைனா என்னை ஒரு வீட்டில் வேலைக்கு விட்டார். ஒரு நாள் அங்கே வெள்ளிக் குங்குமச்சிமிழ் காணாமல் போனது. தெருவே பார்க்க என்னை வாசலில் நிறுத்திப் பாவாடையை உதறச் சொன்னார்கள். உதறினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. பிறகு அவர்கள் பீரோவுக்கு அடியிலேயே அது கிடைத்ததாம். பால்காரர் சொல்லித்தான் தெரியும், அந்த வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வாயில் வைத்திருந்தேன். அதைத்தான் அடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரு பை மல்லாட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"பாய், அந்த புக்கு இருக்கிறது எல்லாத்தையும் எடு."

"எல்லாமா? பையனுக்கு எத்தினிம்மா வேணும்?"

"பையனுக்கு இல்ல. நான் எழுதனது. முடிவைத் தப்பா போட்டுட்டாங்க. திருத்தணும்."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காது இரண்டும் எனக்குச் சூடாகிவிட்டது. பாய் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"நீயாம்மா? யாரோ மீசை வச்ச ஆளுன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்!"

"கொலை பண்ணது தம்பிக்காரன்."

"அய்ய, நான் இன்னும் படிக்கவே இல்ல, போட்டு ஒடச்சிட்டியே!"

"சொல்லத்தான் வந்தேன்," என்று மூடி விஷயத்தையும் சொன்னேன்.

"மல்லாட்டை உரிச்சா மூடி தொறக்க வராதா? கதை வுடாதம்மா."

பையை அவர் முன்னால் வைத்தேன். "உரி. சாயந்தரம் வர்றேன்."

சாயந்தரம் போனபோது கல்லா ஓரமெல்லாம் தோல் குவிந்திருந்தது. பாய் என்னைப் பார்த்ததும் ஒரு புது சோடா பாட்டிலை எடுத்துத் திருகினார். "ஸ்ஸ்" என்று கையை உதறினார். துண்டைச் சுற்றித் திருகினார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் திறந்து கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, புத்தகக் கட்டை இறக்கி, தன் ஸ்டூலையும் எனக்கு இழுத்துப் போட்டார்.

"எழுதும்மா. அந்தப் பொண்ண மொதல்ல வூட்டுக்கு அனுப்பு."

ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி நாலு பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். "இவள் செய்யவில்லை. தம்பிதான். இவள் விரலைப் பாருங்கள்" என்று எழுதினேன். கீழே என் சொந்தப் பெயரைப் போட்டேன். அச்சடித்த தாளில் அதை நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

ஆனால் அது ஒரு கடை. மற்ற ஊர்க் கடைகளில் அவள் இன்னும் ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாள் மருமகளிடம் ராத்திரிச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பையில் மல்லாட்டை நிரப்பிக்கொண்டு அவலூர்பேட்டை பஸ் ஏறினேன்.