காலை ஏழு நாற்பத்திரண்டுக்குப் பொழுதுபட்டது

சந்திரமதி பாய்வள்ளத்தில் வடதுருவப் பக்கம் போகப் போகிறாள் என்ற செய்தி, இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கோயிலில் சுண்டல் கொடுத்து முடிவதற்குள் வுச்சீரியாச் சந்தை வரை போய்விட்டது. ஒரு கிழமை தாங்கமாட்டாள் என்றது சனம். அவளுடைய கணவர் நகுலேஸ்வரன் மூன்று நாள் என்றார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்சாதிக்கு ஊருக்கு முன்னால் இப்படி நாள் குறித்தால் யாருக்குத்தான் சுருக்கென்று தைக்காது? அந்த வள்ளம் எங்கே போய் நிற்கிறதோ, அங்கே போய்த்தான் தானும் நிற்பது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் பதினொரு வருடமாக அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி யூலியானாவின் வள்ளம் அது. யூலியானாதான் கப்டன். இயந்திரத்துக்கும் பாய்க்கும் அவளுடைய சிநேகிதன் பீலிக்ஸ். சமையலுக்குச் சந்திரமதி. ஏப்ரலில் புறப்பட்டு, ஸ்பெயினைச் சுற்றி, நோர்வேயின் வடமுனை வரைக்கும் ஓடுவதாகத் திட்டம்.

முதல் மூன்று நாளும் வாந்திதான். நாலாம் நாள் எழும்பி, இடுப்பில் பட்டியைக் கட்டி அடுப்புக்கு முன்னாலிருந்த வளையத்தில் கொழுவிக்கொண்டு பருப்பு வைத்தாள். வள்ளம் சரிந்தால் அடுப்பு தானாக ஆடி நிமிர்ந்துவிடும், சமைக்கிறவள்தான் விழுவாள். மெத்தை ஈரம், தலையணை ஈரம், போத்தலுக்குள் இருந்த உப்பும் ஈரம். பிஸ்கே விரிகுடாவில் பீலிக்ஸே சுருண்டு படுத்துவிட்டான். அவனுக்கு ரசம் கொடுத்து எழுப்பிவிட்டு, அவனுடைய காவல் முறையில் சுக்கானுக்குப் பக்கத்தில் இவள் இருந்தாள். அதற்குப் பிறகு காவலில் அவளுக்கும் ஒரு முறை நிரந்தரமாயிற்று.

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. இத்தாலியில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கிடைத்த வருடம் வைத்த நேர்த்திப்படி, மாதம் இரண்டு பிரதோஷமும் விரதம். விடிந்ததிலிருந்து வெறும் தேத்தண்ணி. பொழுதுபட்ட பிறகு சிவன் படத்துக்கு விளக்கு வைத்துத்தான் சோறு. ஆடுகிற வள்ளத்தில் திரி எரிப்பது ஆகாது என்பதால் பட்டரி விளக்கு. அதற்குச் சிவன் ஒன்றும் சொல்லவில்லை.

வடக்கே போகப் போகப் பொழுது பிந்தியது. போர்த்துக்கலில் எட்டரைக்குப் பட்டது, பிரான்சின் மூலையில் பத்துக்கு, நோர்வேயின் தெற்கில் பதினொன்றுக்கு. அடுத்தது பன்னிரண்டாக இருக்கும் என்று சந்திரமதி கணக்குப் போட்டாள். இனிப் பொழுதே படாது என்று பீலிக்ஸ் சொன்னபோது, வானம் கொஞ்சம் வெளிச்சமாக இருக்குமாக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த பிரதோஷத்தில் அவள் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தட்டில் நின்றாள். சூரியன் இறங்கி வந்தது. கடலைத் தொடும்போல வந்தது. பிறகு சாடையாகப் பக்கத்துக்கு நகர்ந்து, வெட்கமில்லாமல் திரும்ப மேலே ஏறத் தொடங்கியது. அவளுக்குப் பசியை விட ஆத்திரம்தான் கூடவாக இருந்தது.

காலை ஏழு மணிக்குக் கோப்பி வார்க்கும்போது கண் இருட்டி, கொதிநீர் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. யூலியானா காயத்துக்கு மருந்து பூசிவிட்டு, கப்டன் குரலில் சொன்னாள்.

"இந்த நிலையில் மேல்தட்டுக்குப் போனால் கடலில்தான் விழுவாய். இப்போதே சாப்பிடு. இல்லையென்றால் மத்தியானம் துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் ஏற்றிவிடுவேன்."

அதோடு விடாமல் நகுலேஸ்வரனுக்கும் போன் போட்டுக் கொடுத்தாள். கரை கிட்ட இருந்ததால் குரல் தெளிவாகக் கேட்டது.

"இஞ்சாரும், கடல்ல விரதம் தேவையில்லை எண்டு ஐயர் சொல்லிப்போட்டார். சாப்பிட்டிட்டு பிளைட் ஏறும். நான் அப்பவே சொன்னனான்."

"ஐயரை எப்ப கேட்டனீங்கள்?"

"நீர் வெளிக்கிட்ட அண்டைக்கே."

சந்திரமதிக்குப் பசி மயக்கம் முழுவதும் தெளிந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, போன வருசம் எங்கடை தேர் எண்டைக்கு?"

"வியாழன்."

"பஞ்சாங்கத்தில?"

"செவ்வாய். அதுக்கென்ன இப்ப?"

"ஏன் மாத்தினவை?"

பலெர்மோவில் வீட்டு வேலை செய்கிற சனத்துக்கு வியாழன் பின்னேரம்தான் சின்யோராமார், அதாவது வீட்டு எசமானிமார், லீவு கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? பதிலையும் அவளே சொன்னாள்.

"சின்யோராமார் தாற லீவுக்காகச் சாமி ரெண்டு நாள் தேரில ஏறாமல் பொறுத்தவர். அவையளுக்காகத் தேரை நிப்பாட்டலாம் எண்டா, எனக்காகப் பொழுதைப் படுத்தலாம். வையுங்கோ போனை."

பிறகு யூலியானா பக்கம் திரும்பி இத்தாலியனில் சொன்னாள். "சின்யோரா, நான் சாப்பிடுவன். ஆனா பொழுதுபட்டாப் பிறகுதான். பத்து நிமிசம் தாங்கோ."

வடமுனையில் உடுத்துப் படம் எடுக்கவென்று கொண்டுவந்த மயில்நீலச் சேலையை வெளியே எடுத்தாள். அதை நாலாக மடித்து ஒரு பக்கத்து யன்னல்களை மூடினாள். மற்றப் பக்கத்துக்குக் கம்பளிகள். பீலிக்ஸைச் சுக்கானில் விட்டு, மேல்வாசல் பலகையை இழுத்துச் சாத்தினாள். கோயிலில் ஐயர் திரையை இழுத்து மூடினால் உள்ளே என்ன நேரம் என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயும் யாரும் கேட்கக்கூடாது.

உள்ளே நல்ல இருட்டு. விளக்கைப் போட்டு, நடுங்காத குரலில் ஒரு தேவாரம் முழுவதும் பாடினாள். பிறகு சோறும் பருப்பும் சம்பலும் போட்டு, கோபம் தீரும் வரை சாப்பிட்டாள். இருட்டுக்குள் சும்மா இருந்த கப்டனுக்கும் ஒரு தட்டு நீட்டினாள். யூலியானா மறுக்கவில்லை.

அந்த வள்ளத்தில் தினமும் எழுதுகிற பயணக் குறிப்புப் புத்தகம் ஒன்று உண்டு. காற்று, இடம், சூரியன் எழுந்த நேரம், பட்ட நேரம். முந்தின இரவு, பட்ட நேரத்துக்கான கடைசிக் கட்டத்தில் முதல்தடவையாகக் கோடுதான் விழுந்திருந்தது. தட்டைக் கழுவி வைத்த யூலியானா, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் காலை 7.40 என்று எழுதினாள்.

சந்திரமதி கைதுடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நாப்பத்திரண்டு," என்றாள்.

யூலியானா வெட்டித் திருத்தினாள்.

மத்தியானம் துறைமுகத்தில் தண்ணீரும் டீசலும் ஏற்றினார்கள். கயிறு அவிழ்க்கும் நேரம் நகுலேஸ்வரனின் போன் வந்தது.

"எத்தினை மணிக்கு இஞ்சை வந்து இறங்குறீர்?"

"நான் இறங்கேல்லை. வடக்கை போறன்," என்றாள் சந்திரமதி. "கோயில்லயும் சொல்லிவிடுங்கோ. இஞ்சை காலமை ஏழு நாப்பத்திரண்டுக்குப் பொழுதுபட்டது. படுத்தினது நான்."