அமுலுவின் வலது கை

தீக்காயப் பிரிவின் தாழ்வாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாற்பத்தாறு தப்படி. உள்ளே என் மனைவி அமுலுவின் வலது கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்பது முறை நடந்துவிட்டேன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் மூட்டை எண்ணியவன். பயம் வந்தால் எண்ணத்தான் தெரியும்.

இதே போன்ற தாழ்வாரத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தவறையும் மறைக்கவில்லை.

அன்று நெத்திலி வறுக்க அமுலு வாணலியில் எண்ணெய் வைத்திருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி வந்தது. "எண்ணெ அடுப்புல கீது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு இறங்கினாள். நான் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் "உம்" என்றேன்.

சற்று நேரத்தில் நெடி மூக்கில் ஏறியது. விம்கோ நகரில் நெடி வந்தால் தொழிற்சாலைக் காற்று என்று ஜன்னலைச் சாத்துவது எங்கள் பழக்கம். மூன்று ஜன்னல்களையும் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அடுப்பு நினைவுக்கே வரவில்லை.

அமுலு திரும்பியபோது வாணலி எரிந்துகொண்டிருந்தது. பதறிப்போய் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். தீ கூரைக்கு எழும்பியது. எண்ணெய் அவள் கையில் தெறித்தது. கீழ்வீட்டு நசீமா ஓடிவந்து சிலிண்டரை அடைத்து, தாம்பாளத்தால் வாணலியை மூடினாள். நானோ புண்ணில் இட்லி மாவை அப்பினேன்.

"மாவு யார் போட்டது, ஐயா?" என்று கேட்டார் இளம் மருத்துவர். தலை குனிந்தேன்.

"தீக்காயத்தைக் குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டணும். மாவு, மை, பேஸ்ட் எதுவும் கூடாது. எண்ணெய் புகைஞ்சாலே அடுப்பை அணைச்சிடுங்க. பத்திக்கிட்டா தட்டு போட்டு மூடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, வாணலியைத் தூக்காதீங்க."

"விரல் மடங்குமா, டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது."

பன்னிரண்டாம் நாள் தோல் ஒட்டு சிகிச்சை (தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துப் புண்ணின் மேல் பதிப்பது) செய்தார்கள். அதற்கு முந்தின நாள் ஜன்னல் விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"வரும்போதே பாத்தேன்யா, எல்லாம் சாத்திக் கெடந்துச்சு. வேணும்னேவா செஞ்சே? அழுவாத, பக்கத்து பெட்டுல பாக்குறாங்கோ."

தையல் பிரித்த பிறகு விரல் பயிற்சி. வேளைக்குப் பத்து முறை மடக்கி நீட்ட வேண்டும். இல்லையென்றால் புதுத் தோல் இறுகி விரல்களை இழுத்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள், நான் எண்ணுவேன்.

"இன்னாய்யா, ஏழு ரெண்டு தபா வருது? ஹார்பர்லயும் இப்டித்தான் எண்ணுனியா?"

ஐந்தாம் மாதம் விரல்கள் ஒரு கவளம் சோற்றை அள்ளும் அளவுக்கு மடங்கின. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அதோடு, விரல் நுனி வரை ஒட்டிய தோலுக்குச் சூடு தெரிவதில்லை. அந்த உணர்ச்சி சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்கிறார்கள். இடது கையை அவள் சோற்றில் வைக்க மாட்டாள். சாப்பிட உட்கார்ந்ததும் தட்டை என் பக்கம் தள்ளுகிறாள்.

"சுடுதா பாரு."

அவள் சோற்றில் என் விரல்களை வைத்துக் காத்திருக்கிறேன். முன்பு பத்து நிமிடத்தில் முடிந்த சாப்பாடு இப்போது சோறு ஆறும் வேகத்தில் நடக்கிறது. சூடு மெல்ல இறங்குவது என் விரல்களுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தாங்கும் என்று தோன்றியதும் கையை எடுக்கிறேன்.

அமுலு பிசையத் தொடங்குகிறாள்.