வெர்னா ‘கூடாது’ என்ற மதியம்

ஹாக்ஸ்டாட் குடும்பத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுவது ஆர்லோ. மலைமேல் பனியாற்று முகாமில் நாய்களைப் பார்த்துக்கொண்டு, வருகிறவர்களை அவை இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவது மகள் சிக்ரிட்டும் மகன் எமிலும். கீழே, கடலோரக் கொட்டகையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பவள் வெர்னா. கப்பலில் வந்திறங்கும் பயணிகள் அவளை டிக்கெட் கொடுக்கிற அம்மாள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இன்றைக்குப் பறக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். தொழில் தொடங்குமுன் கணவனிடம் அவள் போட்ட ஒரே நிபந்தனை அது. அவளுடைய தம்பி நெல்ஸும் விமானி. மேகம் இறங்கிய ஒரு நாளில், “சீக்கிரம் வந்துடுறேன் அக்கா” என்று கிளம்பினான், திரும்பவில்லை. அன்றும் ரேடியோவில் இருந்தவள் வெர்னாதான்.

ஆர்லோ எத்தனையோ கோடைகளில் முணுமுணுத்திருக்கிறான், கதவை அறைந்து சாத்தியிருக்கிறான். மீறியது மட்டும் இல்லை.

அந்த ஜூலையில் மேகம் வந்து மலைமேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. வந்த பயணிகளையெல்லாம் திருப்பி அனுப்பியாயிற்று. மேலே பிள்ளைகள் இருவரும் நாய்களும்தான். காலையில் ரேடியோவில் சிக்ரிட் சொன்னாள், “அம்மா, எமிலுக்கு வயித்து வலியாம்.”

பின்னாலிருந்து எமிலின் குரல் கேட்டது. “நாலு நாளா இவ கையால சாப்பிடுறேன்மா. எந்த வயிறு தாங்கும்?”

“வாய் நல்லாத்தான் இருக்கு” என்றாள் சிக்ரிட்.

மதியத்துக்குள் அந்த வாயும் அடங்கிவிட்டது. வலி தொப்புளிலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சல், வாந்தி. வெர்னா டவுன் டாக்டரைப் போனில் பிடித்து, அவர் கேட்டதையெல்லாம் ரேடியோவில் மகளிடம் கேட்டாள். சிக்ரிட் வயிற்றை அமுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் எமில் போட்ட அலறல் ரேடியோ வழியாகக் கொட்டகை வரை கேட்டது.

“குடல்வால்தான்” என்றார் டாக்டர். “சீக்கிரம் கொண்டுவாங்க.”

மீட்புப் படைக்குப் போன் போட்டாள். மேகம் விலகினால் உடனே வருகிறோம் என்றார்கள். அவள் போனை வைப்பதற்குள் ஆர்லோ தலைக்கவசத்தை எடுத்துவிட்டான்.

“கூடாது” என்றாள் வெர்னா.

“அந்த வழி எனக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் தெரியும்.”

“நெல்ஸும் இதையேதான் சொன்னான்.”

“அங்க கிடக்கிறது என் பையன், வெர்னா!”

“எனக்கு மட்டும் யாராம்? நீயும் பாறையில போய் மோதிக்கிட்டா அவனை யாரு இறக்குவா?”

ஆர்லோ தலைக்கவசத்தைச் சுவரில் வீசினான். வெர்னா ரேடியோவின் பொத்தானைப் பிடித்தபடியே இருந்ததால் அவ்வளவும் மேலே கேட்டிருந்தது. பிறகு சிக்ரிட் கேட்டாள், “அம்மா, கீழ்த்தட்டு கண்ணுக்குத் தெரியுதா?”

வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பனியாற்றின் கீழ்ப்பகுதி சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. மேகம் அதற்கு மேலேதான் தொடங்கியது. “தெரியுது.”

“அப்போ நாய்களைப் பூட்டி இவனை அங்க இறக்கிடுறேன். அப்பா அங்க வரட்டும்.”

வசந்தத்தில் அந்த வழியில் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஜூலையில் பனி மெலிந்து, அடியில் ஐஸ் வெடிப்புகள் வாய் பிளந்திருக்கும்.

“வேணாம்னு சொல்லு” என்றான் ஆர்லோ. “என்னைத் தடுத்தியே, அவளையும் தடு.”

வெர்னா பொத்தானை அமுக்கினாள். “முன்னால யாரைப் பூட்டுவே?” என்று கேட்டாள்.

“மஸ்டர்டை. பெப்பரை அவளுக்குப் பின்னால. சந்தேகம் வந்தா மஸ்டர்ட் நின்னுடுவா.”

“அவ நின்னா நீயும் நில்லு. பேசிக்கிட்டே வா.”

ஆர்லோ அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். ஹெலிகாப்டர் தாழ்வாகப் பறந்து மேகத்துக்கு அடியில் போய் இறங்கிக் காத்திருந்தது. கொட்டகையில் வெர்னா மட்டும். கோப்பையில் காபி ஆறிப்போனது.

முதலில் சிக்ரிட் பேசிக்கொண்டேதான் வந்தாள். மஸ்டர்ட் நின்னுட்டா, சுத்திப் போறோம். எமில் கண்ணைத் திறக்கிறான். மறுபடியும் நின்னுட்டா. அப்புறம் எதுவும் வரவில்லை. வெர்னா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். நெல்ஸைக் கூப்பிட்ட அதே குரல் தன் தொண்டையிலிருந்து வருவது அவளுக்கே கேட்டது.

“அம்மா!” ரேடியோவில் மூச்சிரைப்பு. “வெடிப்பு ஓரம் உடைஞ்சு பெப்பர் உள்ள விழுந்துட்டான். கயித்துல தொங்குறான். வண்டி சரியுது!”

“எமில் வண்டியிலயா இருக்கான்?”

“கட்டி வச்சிருக்கேன்மா. வண்டியை நிறுத்துற கொக்கி பனியில பிடிக்க மாட்டேங்குது. நான் பெப்பரை இழுத்துப் பாக்குறேன்...”

“வெட்டு.”

“அம்மா, அவன் உயிரோட...”

“பெப்பர் கயித்தை வெட்டு சிக்ரிட்! இப்பவே!”

நாய்கள் ஊளையிடுவது கேட்டது. பிறகு சிக்ரிட், மிகவும் மெதுவாக, “வெட்டிட்டேன்” என்றாள். அதற்கப்புறம் கீழ்த்தட்டு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பொத்தானை அமுக்குவது மட்டும் அவ்வப்போது கேட்டுக்கொண்டிருந்தது.

ஆர்லோ மகனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். வெர்னாவும் அங்கே வந்து சேர்ந்தாள். குடல்வால் ஏற்கெனவே வெடித்திருந்தது. வயிற்றைத் திறந்து கழுவினார்கள். பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொன்னபோது ஆர்லோ ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். வெளியே மேகம் முழுக்க விலகி, மலை உச்சிவரை வெயில் அடித்தது. காத்திருந்திருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டான். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். ஆர்லோ வெர்னாவைத் திரும்பிப் பார்த்தான். வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

சிக்ரிட்டின் உள்ளங்கைகளைக் கயிறு அறுத்திருந்தது. கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்தபடி, “அவன் கண் முழிச்சா முதல்ல பெப்பரைத்தான் கேப்பான்” என்றாள். “என்னால சொல்ல முடியாதும்மா.”

பெப்பர் எமிலின் நாய். குட்டியில் அவன் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்க வைத்தது.

“நீ ஏன் சொல்லணும்? வெட்டச் சொன்னவ நான்” என்று வெர்னா எழுந்தாள்.

காலையில் எமில் விழித்தபோது கட்டிலருகே அவள் மட்டும்தான் இருந்தாள். அவன் கேட்டான். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. தையல் இழுத்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தான். வெர்னா அவன் முதுகில் கை வைத்தாள். முதலில் உதறினான். அப்புறம் உதறவில்லை.